உங்களுக்கு வலது... எனக்கு இடது!

"உங்களுக்கு வலது... எனக்கு இடது!"

ராஜா காலத்துச் சேவகன் வேஷத்தில் இருந்த கைடு பின்பக்கமாக நடந்தபடியே கையை வீசினார். கூட்டம் சிரித்தது. காலையிலிருந்து ஒவ்வொரு அறையிலும் இதே வசனம்தான். ஆனாலும் சிரித்தது.

"ராஜா தன் ஆசை மனைவிக்காகப் போட்ட தோட்டம்! நடுவுல இருக்கற நீரூற்றை எல்லாரும் ஒரு தடவை நல்லாப் பாருங்க..."

மாடி உப்பரிகையின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எல்லாரும் பார்த்தார்கள்.

பார்த்தவர்களில் ஒரு அம்மாள் வீலென்று அலறினாள்.

"ஐயோ... தண்ணியில யாரோ...!"

நீரூற்றுத் தொட்டியில் ஒரு ஆள் குப்புற மிதந்துகொண்டிருந்தார். கோட்டு போட்ட ஆள். தலையைச் சுற்றித் தண்ணீர் சிவப்பாக இருந்தது.

"மே... மேனேஜர் சார்!" என்றார் கைடு. காலையிலிருந்து ஒரு தடவைகூடத் தடுமாறாத குரல் இப்போது தடுமாறியது.

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தவர் கையிலிருந்த ஐஸ்கிரீமைப் பூந்தொட்டியில் போட்டார்.

"யாரும் கீழே இறங்கக் கூடாது! நான் போலீஸ்!"

வேறு ஊர் ஸ்டேஷனின் இன்ஸ்பெக்டர் அவர். லீவு கேட்டுக் கேட்டு அலுத்து, ஒரு வழியாகக் கிடைத்து, மனைவியோடு அரண்மனை பார்க்க வந்திருந்தார்.

"லீவு போட்டாலும் பொணம் அட்ரஸ் கேட்டு வந்துடுதுங்க உங்களுக்கு..." என்று முணுமுணுத்தாள் மனைவி. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எதற்கும் சட்டென்று பிரேக் போடாத வாய்.

ஆனால் அவள் முகம் வெளுத்திருந்தது.

காரணம் இருந்தது. இந்த அரண்மனை மியூசியத்தின் காப்பாட்சியர் அவளுடைய சொந்தத் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவனைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

அந்தத் தம்பி நேற்று சாயங்காலம் இதே மேனேஜரிடம் அரண்மனையே அதிரக் கத்தியிருந்தான்.

'இந்த அரண்மனையில ஒண்ணு நீங்க இருக்கணும்... இல்ல நான் இருக்கணும்!'

இப்போது மேனேஜர் இல்லை.

* * *

உள்ளூர் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். முகத்தில் பாதி மீசைதான். ஊரில் அவரை மீசை என்று சொன்னால்தான் தெரியும்.

"நீங்க லீவுல இருக்கீங்க சார். நல்லா ரெஸ்ட் எடுங்க," என்றார் மீசை, வந்தவுடனேயே.

"சும்மா கூட நிக்கறேன் சார். கை வைக்க மாட்டேன்."

"வாயும்," என்றார் மீசை.

பின்பக்கப் படிக்கட்டிலிருந்து நீரூற்று வரை நேர்கோடாக ஒரு மணல் பாதை. இரண்டு பக்கமும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்ட செடிகள். அதற்கு அப்பால் பச்சைப் புல்வெளி. 'புல்லை மிதிக்காதீர்கள்' என்று பத்தடிக்கு ஒரு பலகை.

தோட்டக்காரர் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"தினம் கேட் திறக்கறதுக்கு முன்னால மணலை வாரிவிட்டுடுவேன் சார். கோடு கோடா அழகா இருக்கணும். இன்னைக்கும் புல்லை வெட்டி, மணலை வாரிட்டு ஷெட்டுக்குள்ள போயிட்டேன். அப்போ ஒரு காலடிகூடக் கிடையாது."

இப்போது இருந்தது. இரண்டு பேருடைய தடங்கள்.

ஒன்று, மேனேஜரின் வழவழப்பான தோல் ஷூ. படிக்கட்டிலிருந்து நீரூற்றை நோக்கிப் போயிருந்தது.

இன்னொன்று, கட்டம் போட்ட ரப்பர் அடி. அதன் விரல் பக்கம் அரண்மனையைப் பார்த்து இருந்தது.

மீசை மீசையைத் தடவினார்.

"சிம்பிள்! மணலை வாரறதுக்கு முன்னாடியே கொலைகாரன் நீரூற்றுகிட்ட போய் ஒளிஞ்சிருக்கான். மேனேஜர் வந்தார். பாத்தி ஓரத்துல இருந்த வெள்ளைக் கல்லை எடுத்து மண்டையில ஒரே போடு! தண்ணியில தள்ளிட்டு, இதே வழியா அரண்மனைக்குத் திரும்பி நடந்துட்டான். இந்தக் கட்டம் போட்ட ஷூ யாருது?"

"ஸ்டாஃப் எல்லாருக்கும் அதேதான் சார்," என்றார் தோட்டக்காரர். "அரண்மனையில குடுக்கறது. எனக்குத்தான் காலுக்குச் சேரலைன்னு செருப்பு."

"அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்துல யார் ரூம்?"

தோட்டக்காரர் தயங்கினார். இன்ஸ்பெக்டரின் மனைவியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"மியூசியம் சாரோட ரூம்..."



* * *

தம்பி தன் அறையில் ஒரு பழைய கேடயத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"காலையிலிருந்து எங்கே இருந்தீங்க?" என்றார் மீசை.

"இங்கேதான் சார்."

"கூட யாரு?"

"யாருமில்லை."

"ஷூவைக் கழட்டுங்க."

கழற்றினான். அடியில் கட்டம். கட்டங்களுக்கு இடையில் மணல்.

"இது... நேத்து தோட்டத்துல நடந்தப்போ ஒட்டினது சார்..."

கான்ஸ்டபிள் ஷூவை வாங்கிக்கொண்டு போய்த் தடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். அளவு சரியாக இருந்தது.

"மேனேஜர்கிட்ட என்ன சண்டை?"

"மியூசியம் ஹாலைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடப் போறேன்னார் சார். ராஜாவோட சிம்மாசனத்தைத் தூக்கி குடோன்ல போடச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதிச்சுது. கத்தினேன். ஒத்துக்கறேன். ஆனா கொலை... சத்தியமா இல்லை சார்!"

"ரத்தம் கொதிச்சுதுன்னு அவரே சொல்லிட்டார். எழுதிக்கய்யா," என்றார் மீசை கான்ஸ்டபிளிடம்.

தம்பி திரும்பி அக்காளின் கணவரைப் பார்த்தான்.

"மாமா... நீங்களாவது சொல்லுங்க மாமா!"

இன்ஸ்பெக்டரின் கண்கள் அந்த ஷூவின் மேலேயே இருந்தன.

அதை அவள் பார்த்துவிட்டாள்.

கணவரின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்தாள்.

"என்னங்க... நீங்களும் அவனைச் சந்தேகப்படறீங்களா?"

"ஏம்மா... ஷூ சேருது. சண்டை போட்டிருக்கான். தடம் அவன் ரூம் பக்கத்துப் படிக்கட்டுல முடியுது. வேற யாராவதா இருந்தா நானே இந்நேரம் விலங்கு மாட்டியிருப்பேன்."

"அவன் கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே ஸ்டூல் மேல ஏறி நிக்கறவங்க!"

"கோர்ட்ல அதைச் சொல்ல முடியாதும்மா."

அவள் கண்கள் கலங்கின. இத்தனை வருட வாழ்க்கையில் கணவர் மேல் அவளுக்கு இவ்வளவு கோபம் வந்ததே இல்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் அந்தக் கோபத்தை இன்னும் அதிகமாக்கியது.

"வேற யாருமே இல்லையா? டிக்கெட் கவுண்டர்ல ஒரு அக்கா இருந்தாங்களே... அந்த கைடு இருந்தாரே..."

"கேட்டாச்சு. கேட் திறக்கறதுக்கு முன்னால உள்ளே இருந்தது மொத்தம் அவங்கதான். டிக்கெட் அக்கா கவுண்டரை விட்டு நகரலை. அவங்களும் வாட்ச்மேனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்காங்க. கைடு தர்பார் ஹால்ல ஒத்திகை பார்த்துக்கிட்டிருந்திருக்கார். குரல் கவுண்டர் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. தோட்டக்காரர் காலுக்குச் செருப்பு. மிச்சம்..."

"சொல்லாதீங்க!"



* * *

அவள் நேராக மாடிக்கு ஏறினாள். அழுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

உப்பரிகையில் யாருமில்லை. கீழே தோட்டம் கோடு போட்ட நோட்டுப் போல விரிந்திருந்தது. நடுவில் மணல் பாதை. அதில் இரண்டு வரிசைத் தடங்கள். தொட்டியிலிருந்து மேனேஜரைத் தூக்கி வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தினமும் மைதானத்தில் டயர்த் தடம் பார்க்கிற கண் அது. எவன் ஒழுங்காக வளைத்தான், எவன் கோட்டைத் தாண்டினான் என்று மண்ணைப் பார்த்தே திட்டுகிறவள்.

"என்னங்க!"

அவள் போட்ட சத்தத்தில் கீழே மீசையே நிமிர்ந்து பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்ன? என்னாச்சு?"

"கீழே வாங்க. கிட்டே போய்ப் பார்க்கணும்."

"உன்னை விட மாட்டாங்கம்மா..."

"என் தம்பியைப் பிடிச்சுட்டுப் போக மட்டும் தெரியுது இல்ல? என்னையும் விடட்டும்!"

பாதை ஓரத்தில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மீசை முறைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மேடம், இது டிரைவிங் டெஸ்ட் இல்லை..."

"சார், ஒரே ஒரு கேள்வி. இந்த இடத்துல ரெண்டு தடமும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு. மேல இருக்கறது எது?"

மீசை குனிந்தார்.

கட்டம் போட்ட தடம் கீழே இருந்தது. அதன் பாதியை அழித்துக்கொண்டு மேனேஜரின் வழவழப்பான ஷூ மேலே பதிந்திருந்தது.

"இங்கேயும் அப்படித்தான். அதோ அங்கேயும் அப்படித்தான்," என்றாள். "கொலைகாரன் கொன்னுட்டு இந்த வழியாத் திரும்பி வந்திருந்தா, அவன் தடம்தானே மேல இருக்கணும்? கொலைகாரன் போனதுக்கு அப்புறம் செத்தவர் எழுந்து நடந்து வந்தாரா சார்?"

மீசையின் வாய் திறந்தது. மீசைக்கு உள்ளே அப்படி ஒரு வாய் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டரும் மணலைக் குனிந்து பார்த்தார். "அப்போ... கொலைகாரன் முன்னால போயிருக்கான். மேனேஜர் பின்னால வந்திருக்கார். ஆனா விரல் அரண்மனைப் பக்கம் இருக்கே!"

"ரிவர்ஸ்ங்க!"

"என்னது?"

"ரிவர்ஸ்! அவன் பின்பக்கமா நடந்து போயிருக்கான். மேனேஜர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கிட்டே! நல்லாப் பாருங்க... இந்தச் சிங்கச் சிலைகிட்ட ரெண்டு பேரும் நேருக்கு நேர் நின்னிருக்காங்க. அந்த ரோஜா வளைவுகிட்ட நின்னிருக்காங்க. சூரியக் கடிகாரத்துகிட்ட நின்னிருக்காங்க. கொல்லக் கூட்டிட்டுப் போறவன் எதுக்குங்க ஒவ்வொரு இடத்துலேயும் நிக்கணும்?"



மீசைதான் முதலில் சுதாரித்தார். "உங்க தம்பியும் பின்னால நடந்திருக்கலாமே?"

"அவனா? நேரா நடக்கறப்பவே தடுக்கி விழுவான் சார். இந்தத் தடத்தைப் பாருங்க... ஒரு இடத்துலகூடத் தடுமாறலை. அந்த ரோஜா வளைவுக்குள்ள நுழையறப்போகூடச் செடியில இடிக்கலை. இவ்வளவு சுத்தமா ரிவர்ஸ் போற ஆளை நான் இன்னைக்குக் காலையிலதான் பார்த்தேன்."

"ஆனா கைடு அந்த நேரத்துல தர்பார் ஹால்ல பேசிக்கிட்டிருந்தாரே!"

"அதைத்தான் கேக்கணும்," என்றாள் அவள். "வாங்க."

* * *

தர்பார் ஹாலில் எல்லாரையும் கூட்டினார்கள். தம்பி இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் நின்றான். கைடு ராஜா காலத்துச் சேவகன் வேஷத்திலேயே இருந்தார். தலைப்பாகை. சரிகைச் செருப்பு.

"அக்கா," என்றாள் இன்ஸ்பெக்டரின் மனைவி டிக்கெட் அக்காளிடம். "காலையில கைடு சார் குரல் கேட்டுதுன்னீங்களே. என்ன சொன்னார்?"

"தினம் சொல்றதுதாம்மா. வலது பக்கம் பாருங்கள், ராஜாவின் சிம்மாசனம்னு..."

"அப்படியேதான் சொன்னாரா? 'உங்களுக்கு வலது, எனக்கு இடது'ன்னு சொல்லலையா?"

டிக்கெட் அக்கா யோசித்தாள். புருவம் சுருங்கியது.

"அட... ஆமாம்மா! இல்லை. வெறும் 'வலது பக்கம் பாருங்கள்'தான். தினம் அந்த ஜோக்கைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இன்னைக்கு அது வரவே இல்லை!"

"ஏன்னா பேசினது அவர் இல்லை. அவர் குரல். எதிர்ல ஆள் நிக்காத குரலுக்கு ஏது இடது?"

சுவரோரமாக ஒரு மேஜை. அதன் மேல் புதுசாக வந்து இறங்கிய காதில் மாட்டும் கருவிகள், அவற்றைச் சோதித்துப் பார்க்க ஒரு ஸ்பீக்கர். வாசல் பலகையில் காலையிலேயே அவள் படித்திருந்தாள். 'வரும் வாரம் முதல் கைடு கிடையாது. கருவியை மாட்டிக்கொண்டு நீங்களே சுற்றிப் பார்க்கலாம்.'

மேஜை மேல் இருந்த ஸ்பீக்கரின் பொத்தானை இன்ஸ்பெக்டர் அழுத்தினார்.

ஹால் முழுக்கக் கைடின் குரல் நிறைந்தது.

"வலது பக்கம் பாருங்கள்... ராஜாவின் சிம்மாசனம்..."

கைடு ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி. தூணுக்குப் பக்கத்தில் வந்ததும், திரும்பிக்கூடப் பார்க்காமல் அழகாக வளைந்து தாண்டினார்.

எல்லாரும் அந்தக் கால்களையே பார்த்தார்கள்.

"வேஷம் போடறதுக்கு முன்னால போட்டிருந்த ஷூ எங்கே சார்?" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

கைடின் கண்கள் மூலையிலிருந்த வேஷப் பெட்டிக்குப் போயின.

கான்ஸ்டபிள் வேஷப் பெட்டியைத் திறந்து கிளறினார். அடியிலிருந்து ஒரு ஜோடி ஷூ வந்தது. கட்டம் போட்ட அடி. தம்பியின் ஷூ அளவேதான். ஈரம். அடி முழுக்கக் காலையில் வெட்டிய புல் துணுக்குகள்.

"தினம் எல்லாரையும் புல்லை மிதிக்காதீங்கன்னு சொல்றவர், திரும்பி வர்றப்போ அதையே மிதிச்சுக்கிட்டு ஓடி வந்திருக்கார்," என்றாள் அவள்.

கைடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கொல்லணும்னு போகலைம்மா..."

ஸ்பீக்கர் இன்னும் பேசிக்கொண்டே இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை அணைத்தார்.

"காது சரியாக் கேக்காதவங்களுக்காகன்னு சொல்லித்தான் என் குரலைப் பதிவு பண்ணினார். நானும் நம்பி மனசாரப் பேசிக் குடுத்தேன். அப்புறம் பார்த்தா அதை வச்சே என்னை வெளியே அனுப்பறார். என் குரல் உள்ளே... நான் வெளியே!"

அவர் குரல் உடைந்தது.

"இத்தனை வருஷத்துல அவர் என் டூரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இன்னைக்குக் காலையில கெஞ்சினேன். மெஷினையும் கேளுங்க, என்னையும் கேளுங்க, அப்புறம் முடிவு பண்ணுங்கன்னேன். ஹால்ல மெஷினைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார். அதை அணைக்காமலேயே தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒவ்வொரு இடமா நின்னு நின்னு சொன்னேன்..."

"நீரூற்றுகிட்ட என்ன ஆச்சு?"

"ராணி செத்துப் போற இடம் சார். அந்த இடத்துல கூட்டமே அழும். நான் உயிரைக் குடுத்துச் சொல்லிக்கிட்டிருக்கேன்..." அவர் நிமிர்ந்தார். "கொட்டாவி விட்டார் சார்! வாயை இவ்வளவு பெரிசாத் திறந்து... கொட்டாவி! அப்புறம் கல்லு எப்படிக் கையில வந்ததுன்னே தெரியலை."

ஹாலில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"சரி, அப்புறமும் எதுக்குய்யா அத்தனை பேரையும் உப்பரிகைக்குக் கூட்டிட்டுப் போய் நீரூற்றைக் காட்டினே?" என்றார் மீசை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அந்த இடத்துக்கு வந்தா வாய் தானாச் சொல்லிடும் சார். டூரை நான் மாத்தினதே இல்லை."

தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்பட வேண்டிய நேரம். அவனுக்குக் கோபம் வரவில்லை.

"நான் ஜெயிலுக்குப் போறேன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களே அண்ணே..."

கைடு முகத்தைத் தலைப்பாகைத் துணியில் புதைத்துக்கொண்டார்.

* * *

ஜீப் கிளம்பியது. டிக்கெட் அக்கா 'கைடு கிடையாது' என்ற வாசல் பலகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

"குரலை மெஷின்ல விட்டுட்டார், கால்களை விட மறந்துட்டார் பாவம்," என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லிவிட்டுத் தன் வசனத்தைத் தானே ரசித்தார்.

மனைவி ரசிக்கவில்லை. தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

"மாமா," என்றான் தம்பி. "ஒண்ணு கேக்கவா? நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டீங்கதானே?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"அது வந்து மாப்ளே... டியூட்டின்னு ஒண்ணு..."

"லீவுல என்னங்க டியூட்டி?" மனைவி திரும்பினாள். கண்ணில் காலையிலிருந்து தேங்கியிருந்தது மொத்தமும் இருந்தது. "விலங்கு மாட்டியிருப்பேன்னு சொன்னீங்க இல்ல? வீட்டுக்கு வாங்க. உங்களுக்கு இருக்கு!"

இன்ஸ்பெக்டர் தன்னை அறியாமல் ஓர் அடி பின்னால் வைத்தார்.

"ஏங்க... ரிவர்ஸ் மட்டும் எடுக்காதீங்க!" என்றாள் அவள். "ரிவர்ஸ் எடுத்தவரைத்தான் இப்போ ஜீப்ல ஏத்திக்கிட்டுப் போறாங்க!"